மாமனாரின் ஓட்ட லேகியம்

கல்யாணமான பிறகு முதன்முறையாக மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போன அன்று, இலையில் இனிப்பு வைப்பதற்கு முன்பே என் வாய்க்குள் ஒரு கறுப்பு உருண்டை வந்து விழுந்தது. நெல்லிக்காய் அளவு இருக்கும். முதலில் நெய்யும் கருப்பட்டியுமாக இனித்தது. பிறகு கசந்தது. அதற்கும் பிறகு தொண்டையிலிருந்து காது வரை ஒரு காரம் ஏறி, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாணலியில் போட்ட வடையைப் பார்ப்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் மாமனார்.

"எறங்குதா மாப்ளே?"

"இறங்குது மாமா."

"அவ்வளவுதான். இனிமே சளியும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது. ஓட வேண்டியதுதான் பாக்கி!"

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தியாகராய நகரில் மாம்பலம் ரயில் நிலையத்துக்கு அருகே நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். அந்தத் தெருவில் ஜவுளிக் கடைகளின் புதுத்துணி வாசனையைத் தாண்டி நடந்தால் திடீரென்று சுக்கும் திப்பிலியும் அதிமதுரமும் கலந்து மூக்கைப் பிடித்து இழுக்கும். அங்கே நின்றுவிடலாம், அதுதான் கடை. எதைப் பற்றியும் அரைமனதாகப் பேசத் தெரியாத மனிதர் அவர். மழை வந்தால் இந்த வருஷத்து மழையைப் போல உலகத்திலேயே கிடையாது என்பார். கடைக்குப் புதுத் தராசு வந்தால் வழியில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். மகளுக்கு வந்த மாப்பிள்ளை நீண்ட தூரம் ஓடுகிறவன் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருடைய உற்சாகம் அத்தனையும் என் கால்களின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

தேனாம்பேட்டையில் ஒரு வங்கியில் எனக்குக் குமாஸ்தா வேலை. வேலைக்கு முன்னும் பின்னும் ஓட்டம். பனகல் பூங்கா அருகே விடியற்காலையில் எங்கள் குழு கூடும். மைலாப்பூர் வழியாகக் கடற்கரைக்குப் போய், சாந்தோம் தாண்டி அடையாற்றுப் பாலம் ஏறி, திருவான்மியூர் வரை ஓடிவிட்டுத் திரும்புவோம். கான்வாஸ் ஷூ, கைத்தறித் துண்டு, வெற்று வயிறு, இவ்வளவுதான் எங்கள் தயாரிப்பு. ஓட்டத்தில் நான் மோசமில்லை. ஆனால் ஒரு சாபம் இருந்தது. பயிற்சி உச்சத்துக்குப் போகும்போதெல்லாம், போட்டிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, தொண்டை கட்டிக்கொள்ளும். பிறகு சளி, காய்ச்சல், படுக்கை. எனக்கு மட்டுமல்ல, குழுவில் பாதிப் பேருக்கு இதே கதை. தெருவில் நடந்து போகிறவனுக்கு வராத சளி, இரும்பு மாதிரி உடம்பை வைத்திருக்கிற ஓட்டக்காரனைத் தேடி வருவது ஏன் என்று எங்களில் யாருக்கும் விளங்கவில்லை.

விளங்காத இடத்தில்தான் மாமனார் புகுந்தார். சீந்தில் கொடி, அமுக்கரா கிழங்கு, நெல்லி வற்றல், திப்பிலி, இன்னும் என்னென்னவோ இடித்துச் சலித்து, உடன்குடிக் கருப்பட்டிப் பாகில் போட்டு, தேனும் நெய்யும் விட்டுக் கடையின் பின்கட்டில் தானே கிண்டினார். கிண்டும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. எனக்குக் கொடுத்ததோடு அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. குழு முழுவதையும் கடைக்கு அழைத்துவரச் சொன்னார்.

அப்படித்தான் நைனா அவருடைய கடைக்குள் வந்தான். பார்க்கிறவர்களை எல்லாம் அவன் நைனா என்று கூப்பிடுவான், அதனால் நாங்களும் அவனை நைனா என்றே கூப்பிட்டோம். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் வீடு. ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாக ஐஸ் கட்டி தூக்கி வண்டியில் ஏற்றும் வேலை. எங்களில் அவன்தான் வேகம். ஆனால் மழைக்காலம் வந்தால் அவனுடைய இருமல் பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்தே கேட்கும். ஒரு மாநில அணித் தேர்வு இருமலாலேயே கைநழுவிப் போயிருந்தது. கடைக்குள் நுழைந்ததும் சுற்றிலும் இருந்த மூட்டைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாமா, இந்த இருமலைத் தொர்த்தி வுட்டா போதும். மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றான். மாமனாருக்கு அந்த நொடியிலேயே அவனைப் பிடித்துவிட்டது.

குறுக்கே பேசியது என் மனைவிதான். கல்லூரியில் மனையியல் படித்தவள். அப்பாவின் உற்சாகத்தை ரசித்துக்கொண்டே கேள்வி கேட்கத் தெரிந்தவள். "அப்பா, இவங்க எல்லாரும் லேகியத்தைத் தின்னு, யாருக்கும் சளி வரலன்னே வச்சுக்கிடுங்க. அது லேகியத்தாலதான்னு எப்படிச் சொல்லுவீய? இந்த வருஷம் மழையே கம்மியா இருக்கலாம்லா?" என்றாள்.

"என்னட்டி இது, தின்னவனுக்குத் தெரியாதா?"

"தின்னவனுக்கு நம்பிக்கைதான் தெரியும். பாதிப் பேருக்கு உங்க லேகியம். மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற, மருந்து இல்லாத உருண்டை. யாருக்கு எதுன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். போட்டி முடிஞ்சதும் சொல்லுதேன்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மாமனார் கோபித்துக்கொண்டிருப்பார். மகள் சொன்னதும் ஒரு கணம் யோசித்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார். "செய்யி! என் சரக்கு மேல எனக்கு நம்பிக்கை உண்டு. ஊரு பாக்க ஜெயிக்கட்டும்!" அன்று முதல் அவருக்கு அது ஒரு பந்தயமாகிவிட்டது. எங்கள் குழுவிடம், இரண்டு விதமான உருண்டைகள் செய்திருக்கிறோம், எது மேல் என்று பார்க்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் சம்மதித்தார்கள். சினிமாவுக்கு டிக்கெட் கிடைத்ததுபோல ஒரே குதூகலம்.

மருந்தில்லாத உருண்டையை என் மனைவி எங்கள் வீட்டு அடுப்பில் கிண்டினாள். கருப்பட்டி, பேரீச்சம்பழம், கருக வறுத்த அரிசி மாவு. காரத்துக்குக் கொஞ்சம் சுக்கு, கசப்புக்கு வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று கடைசி வரை என்னிடம் சொல்லவில்லை. இரண்டையும் வாழைச் சருகில் பொட்டலம் கட்டி அவள் கையாலேயே கொடுப்பாள். எனக்கு வந்தது எது என்று நான் கேட்காத நாள் கிடையாது. கெஞ்சினேன், பூ வாங்கி வந்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "ஓடப் போங்க, நேரமாச்சு" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு பெண் அப்படி ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவதைப் பார்த்த பிறகுதான் அவள்மீது எனக்கு மரியாதை கலந்த பயம் வந்தது. அந்தப் பயம் இன்றைக்கும் உண்டு.

உருண்டை எதுவானாலும் பத்தியம் எல்லோருக்கும் பொது. பத்தியம் இல்லாமல் மருந்தா என்று மாமனார் அதில் மட்டும் கறாராக இருந்தார். ஓடி முடித்ததும் நனைந்த பனியனோடு நிற்கக் கூடாது. உருண்டையைத் தின்ற கையோடு கேழ்வரகுக் கூழோ, வாழைப்பழமும் பாலுமோ வயிற்றுக்குள் போயாக வேண்டும். இரவு சீக்கிரம் படுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஓடவே கூடாது. சிலர் சொன்னபடி கேட்டார்கள். மீதிப் பேர் தலையை ஆட்டிவிட்டு எங்கள் வசதிக்கு நடந்துகொண்டோம். எனக்கு வங்கியில் அரையாண்டுக் கணக்கு முடிக்கும் சமயம். தூக்கமும் இல்லை, சாப்பாட்டுக்கு நேரமும் இல்லை. வெள்ளிக்கிழமையும் திருட்டுத்தனமாக ஓடினேன். நைனாவோ கோயிலுக்கு மாலை போட்டவன் மாதிரி நடந்துகொண்டான். வெள்ளிக்கிழமை அவன் வீட்டுப் பக்கம் போனால் கட்டிலில் மல்லாந்து கிடப்பான். "மாமா சொல்லிக்கீறாரு நைனா. இன்னிக்கு ஓடுனா மருந்து வேலை செய்யாது" என்பான்.

மழைக்காலம் வந்தது. மாமனார் ஒவ்வொரு ஞாயிறும் எங்களைக் கடையில் வரிசையாக உட்கார வைத்து, தொண்டையைக் காட்டச் சொல்லிப் பார்ப்பார். குழுவில் இரண்டு மூன்று பேர் தும்மத் தொடங்கியிருந்தார்கள். நைனாவிடம் வந்ததும் அவர் முகம் மலரும். அவனிடம் ஒரு சின்னக் கனைப்புக்கூட இல்லை! ஈரம் சொட்டச் சொட்ட ஐஸ் தூக்குகிறவனுக்கு மழைக்காலத்தில் இருமல் இல்லை! நைனா அடையாறு முழுக்க லேகியத்தின் புகழைப் பரப்பிக்கொண்டிருந்தான். "அது துன்னா காலு நம்ம பேச்சைக் கேக்காது. அதுவே இஸ்துகினு போவுது" என்று அவன் சொல்லச் சொல்ல, கடைக்கு லேகியம் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மகள் வாய் திறக்காவிட்டால் என்ன, நைனாவுக்குக் கிடைத்தது தன் லேகியம்தான் என்று மாமனார் தனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார். எங்கள் யாருக்கும் சொல்லாமல், ஓடுகிற மனிதன் படம் போட்ட லேபிள்களும் அச்சடிக்கக் கொடுத்துவிட்டார்.

போட்டி நெருங்கிய வாரம், எதிர்பார்த்தபடியே, எனக்குத் தொண்டை கட்டியது. காய்ச்சலும் வந்தது. எனக்கு வந்தது வெறும் கருப்பட்டிதான் போலிருக்கிறது என்று முனகிக்கொண்டு படுத்திருந்தேன். மனைவி நெற்றியில் பற்றுப் போட்டாளே தவிர, ஆமாம் இல்லை எதுவும் சொல்லவில்லை. போட்டிக்கு முதல் நாள் காய்ச்சல் விட்டது. ஓட முடியாது, ஆனால் சைக்கிள் மிதிக்கலாம். தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு நைனாவுக்குத் துணையாகப் போவதென்று கிளம்பினேன்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் அது. மெரினாவில் காந்தி சிலை அருகே தொடங்கி, தெற்கே போய், திருவான்மியூரையும் தாண்டித் திரும்பி, அதே இடத்தில் முடிய வேண்டும். முதல் பாதியில் நைனா கூட்டத்தோடு கூட்டமாக வந்தான். வெளியூரிலிருந்து வந்த உயரமான ஒருவன் தனியாக முன்னால் போய்விட்டான். திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. அடையாற்றுப் பாலத்தின் மேல் எதிர்காற்று முகத்தில் அறைந்தது. சைக்கிளிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. கீழே ஆற்றங்கரையிலிருந்து அவன் ஆட்கள் அத்தனை பேரும் பாலத்துக்கு ஏறி வந்திருந்தார்கள். "வுடாத நைனா! அதோ கீறான் பாரு, புடி! புடி!" குழந்தைகள் தகரத்தைத் தட்டினார்கள். ஒரு பெண்மணி முறத்தை ஆட்டிக்கொண்டு அவன் கூடவே கொஞ்ச தூரம் ஓடினாள். நைனா என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தான். பிறகு அவனுடைய நடையே மாறியது. கால் தரையைத் தொடுகிற சத்தம்கூட இல்லை. சாந்தோமில் அந்த உயரமானவனின் முதுகு தெரிந்தது. சாந்தோமைத் தாண்டிக் கடற்கரைச் சாலை திறந்த இடத்தில் இருவரும் தோளோடு தோள் வந்தார்கள். நான் சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. காய்ச்சல் விட்ட தொண்டை அன்றைக்கு மறுபடியும் கிழிந்தது. முடிவுக் கோட்டைத் தொடும்போது நைனா முன்னால் இருந்தான். தொட்டதும் அப்படியே மணலில் விழுந்து வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான். அவன் தலையில் யாரோ தண்ணீரை ஊற்ற, கூட்டம் மொய்த்துக்கொண்டது.

அங்கே மாமனார் புது வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மருந்துகளை ஊர் ஊராக அனுப்பும் ஏஜெண்ட் ஒருவர், கையில் ரோஜா மாலை. ஒரு போட்டோக்காரர். புது லேபிள் ஒட்டிய லேகிய டப்பா. ஏஜெண்டுக்கும் மாமனாருக்கும் ஏற்கெனவே பேச்சு முடிந்திருந்தது. ஜெயித்தவன் கையில் டப்பாவைக் கொடுத்துப் படம் எடுக்க வேண்டும், அதைப் பத்திரிகையில் போட வேண்டும், லேகியம் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போகும். மகளுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று மறைத்து வைத்திருந்தாராம். அதிர்ச்சி என்னவோ சரிதான். டப்பாவைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்களை நெருங்கும்போது அவள் அப்பாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, படம் எடுக்க வேண்டாம்."

"ஏன்ளா?"

"நைனா தின்னது நான் கிண்டுனது. கருப்பட்டியும் மாவும். உங்க லேகியம் இவங்களுக்குத்தான் வந்துச்சு" என்று என்னைக் காட்டினாள்.

மாமனார் என்னைப் பார்த்தார். மூக்கைச் சுற்றிச் சிவந்து, கழுத்தில் மப்ளரோடு நான் நின்றேன். பிறகு மணலில் கிடந்த நைனாவைப் பார்த்தார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். இவ்வளவு பெரிய உற்சாகம் ஒரு மனிதருக்குள் உடையும்போது சத்தமே கேட்காது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மாமனாரிடம் அப்படியெல்லாம் செய்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

ஏஜெண்ட் அவசரப்பட்டார். "என்ன அண்ணாச்சி, ஆளை எழுப்புங்க. வெளிச்சம் நல்லா இருக்கு."

"படம் வேண்டாம்வே. அவன் தின்னது என் மருந்து இல்ல."

விஷயத்தைக் கேட்டதும் ஏஜெண்ட் சிரித்தார். "அதனால என்ன? யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

இவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏஜெண்டின் கையிலிருந்து மாலையை மட்டும் வாங்கிக்கொண்டு போய், மணலில் மண்டியிட்டு, நைனாவின் கழுத்தில் போட்டார். டப்பாவை என் சைக்கிள் கேரியரில் வைத்துவிட்டார். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போக வேண்டிய லேகியம் அதற்கப்புறம் மாம்பலத்தைத் தாண்டவில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், வாய்க்கு ருசியாக இருக்கும் என்று மட்டும் சொல்லி விற்றார். மிஞ்சிய லேபிள்களில் சுக்கும் மிளகும் மடித்துக் கொடுத்தார். தியாகராய நகரில் எத்தனையோ வீட்டுச் சமையலறைகளுக்கு அந்த ஓடுகிற மனிதன் மிளகோடு போய்ச் சேர்ந்தான்.

இப்போது எனக்கும் என் மனைவிக்கும் அடையாறில் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனால் நூற்றுக்கணக்கானவர்கள் பளபளக்கும் ஷூக்களோடு ஓடுகிறார்கள். பார்க்கவே உடம்பு சிலிர்க்கிறது, நானும் ஓட வேண்டும்போல கால் பரபரக்கிறது. ஓரமாகப் பந்தல் போட்டு, ஓட்டக்காரர்களின் எதிர்ப்பு சக்திக்கு என்று மூலிகை மாத்திரைகள் விற்கிறார்கள். சீந்தில், நெல்லி, அமுக்கரா என்று மாமனாரின் பின்கட்டுச் சரக்கு அத்தனையும் ஆங்கில எழுத்தில் குப்பிக்குள் இருக்கிறது. சென்ற மாதம் அங்கே நின்ற இளைஞரிடம் என் மனைவி, "தம்பி, வெறும் மாவு அடைச்ச மாத்திரையையும் பாதிப் பேருக்குக் குடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். அவர் ஒன்றும் புரியாமல், இரண்டு குப்பி வாங்கினால் ஒன்று இலவசம் என்றார். நாங்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தோம். மூலிகையில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்லுமளவுக்கு எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஒரு சின்னக் கூட்டம், ஒரு மழைக்காலம், அதை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்று என் மனைவியே அன்றைக்குச் சொன்னாள்.

அன்றைக்கு என்பது, போட்டிக்கு மறு ஞாயிறு. குழு முழுவதும் கடையில் கூடியிருந்தது. நைனாவுக்கு மாநில அணியில் இடம் கிடைத்திருந்தது. அதை வைத்துப் பின்னால் ஒரு அரசு வேலையும் கிடைத்தது. தான் தின்றது என்ன என்று அவனுக்கு இன்னும் தெரியாது. லேகியத்தைச் சாமிபோலக் கும்பிட்டவனிடம் எப்படிச் சொல்வதென்று என் மனைவி தயங்கினாள். முதலில் மற்றதைச் சொன்னாள். இரண்டு பக்கத்திலும் சளி பிடித்தவர்கள் உண்டு, பிடிக்காதவர்களும் உண்டு, லேகியத்தால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனால், எந்த உருண்டையைத் தின்றிருந்தாலும், பத்தியத்தை ஒழுங்காகக் காத்தவர்கள் அதிகம் படுக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, ஒரு நாள் ஓய்வு எடுத்தவர்கள் தப்பித்திருந்தார்கள். மாமனார் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். "பத்தியம் யாரு சொன்னது? நான்லா சொன்னேன்!" போன வாரம் உடைந்த மனிதர் அதோ, மறுபடியும் முழுசாக நின்றுகொண்டிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து ஓடி முடித்து வருகிறவர்களுக்குக் கடை வாசலில் கூழ் காய்ச்சி ஊற்றப்போவதாக அங்கேயே அறிவித்தார். ஊற்றவும் செய்தார், பல வருஷம்.

கூச்சல் அடங்கியதும் என் மனைவி நைனாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு வந்தது லேகியம் இல்லண்ணே. வெறும் கருப்பட்டி உருண்டை."

நைனா அவளைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், குனிந்து தன் முழங்கால்களைப் பார்த்தான். ஏமாற்றிவிட்டதாக நினைத்து எழுந்து போய்விடுவானோ என்று நான் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றேன். அவன் தொடையை ஒரு முறை தட்டிப் பார்த்தான், புதிதாக வாங்கிய மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல. பிறகு மெதுவாக, யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்டான்.

"அப்போ... அவ்ளோ தூரம் இஸ்துகினு போனது நானேவா அண்ணி?"